அளந்து சொன்ன கால்

தொடையை மேசையோடு சேர்த்துப் பெல்ட்டால் கட்டி, கணுக்காலில் ஒரு தோல்வாரைச் சுற்றி, அந்த வாரை ஒரு கம்பிவடத்தில் மாட்டுவேன். வடம் மேசைக்கு அடியில் ஓடி, பக்கத்தில் நிற்கும் இரும்புத் தூணில் பொருத்திய டயலில் முடியும். உட்கார்ந்திருப்பவர் காலை முன்னால் உதைக்க முயல்வார். கால் நகராது, முள் நகரும். அது முன் தொடையின் பலம். பிறகு அவரைக் குப்புறப் படுக்க வைத்து, வடத்தை மறுபக்கக் கொக்கிக்கு மாற்றி, குதிகாலைத் தன் பக்கம் இழுக்கச் சொல்வேன். அது பின் தொடையின் பலம். இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால் அந்த முட்டி எவ்வளவு பத்திரமானது என்பது ஓரளவு தெரியும்.

தொண்ணூறுகளின் நடுவில் காரைக்குடியில் உடற்கல்வி முதுகலை படித்தபோது என் ஆய்வு இதுதான். எங்கள் கல்லூரியில் படித்த பெண்களின் கால்களை அளந்தேன். உடற்பயிற்சிக் கூடத்துக்குப் பின்னால், ஈட்டிகளும் கிழிந்த மெத்தைகளும் அடைந்து கிடந்த அறையில் பாதியை எனக்கு ஒதுக்கிக் கொடுத்திருந்தார்கள். என் பாதியில் பெல்ட்டுகள் நீளவாரியாகச் சுவரில் தொங்கும். அளக்கும் முன் எல்லாரும் ஒரே அளவு நேரம் நடந்து காலைச் சூடேற்ற வேண்டும். சாப்பிட்டவுடன் யாரையும் அளக்க மாட்டேன். விடுதியில் எனக்குத் 'தராசு' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். கேலிதான், ஆனால் எனக்கு அது பிடித்திருந்தது.

என் வீடு தேவகோட்டைப் பக்கம். அப்பா மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். ஜெப நேரம், படிப்பு நேரம், படுக்கும் நேரம் என்று மணி பார்த்து வளர்ந்த வீடு. விடுதி அறையில் என்னோடு இருந்தவள் சிங்கம்புணரிப் பக்கத்துப் பெண், என்னைவிட இரண்டு வயது இளையவள், கபடிக்காரி. ஒரு சாமானையும் எடுத்த இடத்தில் வைக்க மாட்டாள். என் சீப்பு அவள் தலையணைக்கு அடியில் இருக்கும், அவள் செருப்பு என் கட்டிலுக்கு அடியில் இருக்கும். அவள் கபடி பாடிப் போகிற அழகைப் பார்க்க ஆண்கள் விடுதிப் பையன்கள் மதில்மேல் வந்து உட்காருவார்கள். எதிரணியின் நடுவில் போய் நின்று, யாரையும் பார்க்காததுபோலப் பார்த்து, காலை வீசித் தொட்டுவிட்டுத் திரும்புவாள். எனக்குக் கூடப்பிறந்த தங்கை இல்லை. அந்த இடத்தில் அவளை வைத்திருந்தேன்.

அவளுக்கு அந்த வருடம்தான் கடைசி. மாநிலப் போட்டியில் ஆடினால் சான்றிதழ் கிடைக்கும், சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்குப் போகலாம். "இந்த வருசத்தோட சரி, வேலைக்கு வழி தெரியலைன்னா பேசாம வந்து கழுத்த நீட்டு" என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். மாப்பிள்ளையும் தயாராக இருந்தார். அவளுக்கு அவரைப் பிடிக்காது என்பதல்ல. காக்கி உடுப்பு பிடிக்கும், அவ்வளவுதான்.

ஒரு சாயங்காலம் மைதானத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து, அவள் ஊரிலிருந்து வந்த அவித்த கடலையைத் தின்றுகொண்டிருந்தோம். என் ஆய்வு என்னவென்று கேட்டாள். கடலையை இரண்டு குவியலாக வைத்துக் காட்டினேன்.

"இங்குட்டு முன் தொடை, அஞ்சு. அங்குட்டு பின் தொடை, மூணு. இப்படி இருந்தா முட்டி பத்திரம்."

"ரெண்டும் சமமா இருக்க வேணாமாக்கா?"

"முன் தொடை எப்பவும் பெருசுதான். ஆனா ரொம்பப் பெருசாயிறக் கூடாது." முன் குவியலில் மேலும் இரண்டு கடலையை வைத்தேன். "இப்ப ஏழுக்கு மூணு. வேகமாப் போயி டக்குன்னு நின்னு திரும்புறேன்னு வையி. முன் தொடை முட்டிய இழுக்கும். புடிச்சு நிறுத்தப் பின் தொடைக்குத் தெம்பு பத்தாது. உங்க எல்லாருக்குமே அப்படித்தான் இருக்கும்னு நினைக்கிறேன். கோச் உங்களப் போட்டு பஸ்கி எடுக்க வைக்கிறாருல்ல?"

எங்கள் கல்லூரியில் எதற்கும் பஸ்கிதான். தாமதமாக வந்தால் பஸ்கி, தோற்றால் பஸ்கி, ஜெயித்தால் மகிழ்ச்சியில் பஸ்கி. உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து எழுந்து எல்லாருக்கும் முன் தொடை தேக்குக்கட்டையாக இருந்தது. பின் தொடைக்கு என்று யாரும் எதுவும் செய்ததில்லை.

அவள் ஏழில் இரண்டை எடுத்து உரித்து வாயில் போட்டுக்கொண்டாள். "இப்ப?"

"இப்ப நல்ல முட்டி."

"கடலையத் தின்னே சரிபண்ணிட்டேன் பாத்தீகளா? இதுக்குப் போயி மெசினு, டயலு, பெல்ட்டுன்னு."

எனக்குச் சிரித்து வயிறு வலித்தது.

போட்டிக்கு ஆள் எடுக்கும் நேரம் வந்தபோது கோச் என்னை மைதானத்துக்குக் கூப்பிட்டார். முந்தைய வருடம் ஒரு பெண்ணுக்கு முட்டி போய், அவளுடைய வீட்டார் வந்து சண்டை போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அந்தச் சூடு அவருக்கு ஆறவில்லை. எல்லாரையும் வரிசையாக நிறுத்திவிட்டுச் சொன்னார்: "இந்த வருசம் நான் யாரையும் எடுக்கப்போறதில்ல. இந்தப் பிள்ள எடுக்கும். முட்டி சரியில்லைன்னு இது சொல்லிட்டா, அவ எம்புட்டுப் பெரிய ஆட்டக்காரியா இருந்தாலும் விடுதியில உக்காந்து கோலம் போட வேண்டியதுதான்."

ஆய்வுக்காக எடுத்த அளவை இப்படிப் பயன்படுத்துவது முறையா என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. வெயிலில் அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்ததுதான் மனதில் நின்றது.

என் முறைப்படி முதலில் முன் தொடை, பிறகு பின் தொடை. என் அறைத்தோழி அளக்க வந்த அன்று, "அக்கா, மொதல்ல குப்புறப் படுத்து இழுத்துறேன். உக்காந்து உதைச்சா அப்புறம் களைச்சுப் போயிரும்" என்றாள். வேறு யார் கேட்டிருந்தாலும் மறுத்திருப்பேன். அவள் கேட்டதால் வடத்தை மாற்றினேன். இழுத்தாள். முள் இருபத்து நான்கு கிலோவில் நின்றது.

"எம்புட்டு வந்துச்சு?"

சொன்னேன்.

பிறகு எழுந்து உட்கார்ந்தாள். டயல் அவளுக்கு எதிரே இருந்தது. உதைப்பவர் முள் ஏறுவதைப் பார்த்தால் இன்னும் முயல்வார் என்று நான்தான் டயலை அப்படித் திருப்பி வைத்திருந்தேன். அவள் மேசையின் ஓரத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, பல்லைக் கடித்து, கழுத்து நரம்பு புடைக்க உதைத்தாள். முப்பத்தெட்டு. மூச்சு வாங்கவிட்டு மறுபடி. முப்பத்தெட்டு. மூன்றாவது முறையும் அதே இடம்தான். மற்றக் காலிலும் ஏறக்குறைய இதே கணக்கு வந்தது.

பலத்தை ஒளித்து வைப்பவர்களால் ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பக் கொண்டுவர முடியாது என்று படித்திருந்தேன். ஒவ்வொரு முறையும் முள் ஒவ்வொரு இடத்தில் நிற்குமாம். அதனால் அந்த மூன்று முப்பத்தெட்டும் எனக்கு அவ்வளவு திருப்தியாக இருந்தது. அத்தனை பேரில் இவ்வளவு சுத்தமான அளவு யாரும் தரவில்லை என்று அவளிடமே சொன்னேன். நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "பின்னே? யாரு தங்கச்சி?" என்றாள்.

ஒக்கூர்ப் பெண் ஒருத்தி இருந்தாள். அவளும் பாடிப் போகிறவள்தான். அவள் உதைத்த உதையில் மேசை கிறீச்சிட்டது, முள் ஐம்பதுக்குப் பக்கத்தில் போய் நின்றது. பின் தொடை அதற்குப் பாதிகூட வரவில்லை. இரண்டு பேரில் ஒருத்திக்குத்தான் இடம். கோச் கேட்டபோது நான் தயங்காமல் சொன்னேன்: "ஒக்கூர்ப் பிள்ளைக்கு ஆபத்து இருக்கு சார். சிங்கம்புணரிப் பிள்ளைக்கு முட்டி சரியா இருக்கு, நம்பிக் கூட்டிட்டுப் போகலாம்." ஒக்கூர்ப் பெண்ணிடம் நானே போய்ச் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, "சரிக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். ஏமாற்றம் என்று நினைத்துக்கொண்டேன்.

போட்டியில் முதல் பாதி முழுவதும் என் அறைத்தோழிதான் புள்ளி எடுத்தாள். இரண்டாம் பாதியில் ஒருமுறை உள்ளே போய், ஒருத்தியைத் தொட்டுவிட்டு, நின்று திரும்பினாள். யாரும் அவளைப் பிடிக்கவில்லை, யாருடைய கையும் அவள்மேல் படவில்லை. உடம்பு திரும்பியது, வலது முட்டி திரும்பவில்லை. விழுந்தாள். விழுந்த பிறகும் பாட்டை விடவில்லை. "கபடி கபடி" என்று முனகிக்கொண்டே நடுக்கோட்டை நோக்கிக் கையை நீட்டினாள். கை எட்டவில்லை. எதிரணிப் பெண்கள் அமுக்கப் போனவர்கள், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்கள்.

ஆஸ்பத்திரியில் சவ்வு கிழிந்துவிட்டது என்றார்கள். மறுநாள் அவளுடைய அப்பா வந்தார். தோளில் துண்டு, கையில் ஒரு மஞ்சள் பை. மகளைப் பார்த்தார், கட்டைப் பார்த்தார். கோச் அவரைத் தனியே அழைத்துப்போய்ப் பேசினார். திரும்பி வந்தவர் நேராக என்னிடம் வந்தார்.

"எம்மா, நீங்கதானா மெசின்ல வச்சுப் பாத்தது?"

"ஆமாங்கய்யா."

"கால் நல்லா இருக்கு, ஆடலாம்னு சொன்னீகளாம்ல?"

"ஆமாங்கய்யா. ஆனா..."

"நான் கொற சொல்லலம்மா. படிச்ச பிள்ளைக நீங்க. நீங்க நல்லா இருக்குன்னு சொன்னா நல்லா இருக்குன்னு நம்புறோம். எங்களுக்கு என்ன தெரியும்?"

அவர் கத்தியிருக்கலாம். அவ்வளவு மரியாதையாகச் சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கட்டிலைப் பார்த்தேன். அவள் விழித்துத்தான் இருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். என் கண்ணை ஒருமுறை பார்த்தாள், பிறகு சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வலியில் திரும்புகிறாள் என்று நினைத்து, போர்வையை இழுத்து அவள் தோளை மூடிவிட்டேன்.

விடுதியில் தராசு 'ஓட்டைத் தராசு' ஆனது. சாப்பாட்டு வரிசையில் என் தட்டில் சோறு விழும்போது, "பாத்துப் போடுங்கக்கா, அளவு தப்பிரும்" என்று ஒருத்தி சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். கோச் என்னோடு பேசுவதை நிறுத்தினார். நான் டயலைக் கழற்றி, பளுதூக்கும் இரும்பு வட்டுகளை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டுப் பார்த்தேன். எடை என்னவோ அதையே காட்டியது. வடத்தை மாற்றினேன், பெல்ட்டின் கொக்கிகளைப் பார்த்தேன், கணக்கைத் திரும்பப் போட்டேன். எங்கும் தவறு இல்லை. அப்படியென்றால் படித்ததே தவறா என்று குழம்பினேன்.

அவளைச் சிங்கம்புணரிக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து துணி துவைத்துக்கொண்டிருந்தேன். ஒக்கூர்ப் பெண் பக்கத்துக் கல்லில் வந்து நின்றாள். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டே துணியை நனைத்தாள்.

"அக்கா, உங்களுக்கு நெசமாவே தெரியாதா?"

"என்னது?"

"அவ முழுசா உதைக்கலக்கா. முள்ளப் பாத்துக்கிட்டே உதைச்சு, வேணுங்கற எடத்துல நிறுத்திக்கிட்டா. முன்னால கொறைச்சுக் காட்டுனா வகுக்கும்போது நல்லதா வந்துரும்னு எங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுத்தா. நாலஞ்சு பேரு அப்படித்தான் பண்ணாளுக."

"நீ?"

"எனக்கு அப்படி உதைக்க வரலக்கா. பெல்ட்டக் கட்டிட்டு நீங்க 'ம், உதை'ன்னு சொன்னீகளா, எனக்கு வேகம் வந்துருச்சு."

"அப்ப நீ ஏன் சொல்லல?"

"நான் சொல்லியிருந்தா, எடம் போன வயித்தெரிச்சல்ல சொல்றேன்னு நீங்களே சொல்லியிருப்பீக."

சொல்லியிருப்பேன். சவுக்காரம் கரைந்து கையில் வழுவழுத்தது. எனக்கு முதலில் வந்தது கோபம் அல்ல. பல்லைக் கடித்த அந்த முகமும் கழுத்து நரம்பும்தான் நினைவுக்கு வந்தன. அத்தனையும் நடிப்பு. உடம்பு பொய் சொல்லாது என்று நம்பித்தான் இந்தப் படிப்பையே எடுத்தேன். இவள் நான் கடலையை வைத்துச் சொல்லிக்கொடுத்த வகுத்தலைத் தன் தொடைக்குள் கொண்டுபோய், என் கண் முன்னாலேயே கணக்குப் போட்டிருக்கிறாள். முதலில் குப்புறப் படுத்து எண்ணைக் கேட்டதும் இதற்குத்தான். அதைக்கூட மன்னித்திருப்பேன், வேலை வேண்டும் என்ற ஆசையில் செய்தது. அவள் அப்பா என் முன்னால் நின்றபோது சுவர்ப்பக்கம் திரும்பினாளே, அதை என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அதுவரை அளந்த அத்தனையையும் தள்ளினேன். "எழுதி முடிச்சுட்டுப் போம்மா, யாரு வந்து தோண்டிப் பாக்கப் போறாக" என்றார் என் ஆய்வு வழிகாட்டி. நான் டயலைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, எல்லாரையும் முதலிலிருந்து அளந்தேன். என்னோடு படித்தவர்கள் பட்டம் வாங்கிப் போன பிறகும் நான் அந்த அறையில் இருந்தேன்.

அதற்கெல்லாம் முன்பே, அந்த வருடப் பொங்கல் கழிந்து ஒருநாள் அவள் வந்தாள். இலேசாகச் சாய்ந்து நடந்தாள். அடுத்த தேர்வுக்குக் கோச் மறுபடி ஆள் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். அவரிடம் போனால், நான் எல்லாரையும் மறுபடி அளப்பதை அறிந்திருந்த அவர், "தராசுகிட்டப் போய் அளந்துட்டு வா" என்று அனுப்பிவிட்டார். அறை வாசலில் நின்று, "அக்கா, நல்லா இருக்கீகளா?" என்றாள்.

"உள்ள வா" என்றேன்.

முதலில் அடிபடாத இடது காலைக் கட்டினேன். டயல் எங்கே இருக்கிறது என்று தேடினாள். அது சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது தெரிந்ததும் தேடுவதை விட்டாள். உதைத்தாள். சத்தமில்லை, பல்லைக் கடிக்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு உதைத்தாள். முள் முப்பத்தெட்டைச் சட்டென்று கடந்தது. ஐம்பதையும் தாண்டி நின்றது. இத்தனை மாதம் ஆடாமல் இருந்த பிறகு இவ்வளவு.

வலது தொடை பார்வைக்கே சூம்பியிருந்தது. அது அதில் பாதிகூட உதைக்கவில்லை. பின் தொடையும் மோசம். பெல்ட்டுகளை அவிழ்த்துச் சுவரில் மாட்டிவிட்டுக் கேட்டேன்.

"உங்க அப்பா கேட்டப்ப ஏன்டி வாயத் தொறக்கல?"

மேசையிலிருந்து இறங்காமல் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். "நான்தான் ஏமாத்துனேன்னு சொல்லியிருந்தா, அன்னைக்கே என்னைய அள்ளிப் போட்டுக்கிட்டுப் போயிக் கல்யாணத்த முடிச்சிருப்பாக. மறுபடி காரைக்குடிப் பக்கமே விட்டுருக்க மாட்டாக. உங்களுக்கு என்னக்கா? வாத்தியார் வீட்டுப் பிள்ள. ரெண்டு நாளு திட்டுவாக, அப்புறம் மறந்துருவாக. உங்க படிப்பும் போகாது, காலும் போகாது."

"அப்ப என்னையப் பத்தி யோசிச்சுத்தான் செஞ்சிருக்க."

"யோசிச்சேன். உங்களால தாங்க முடியும்னு நினைச்சேன்."

அவள் இறங்கி, பாவாடையைச் சரிசெய்துகொண்டு என் கையைப் பிடித்தாள். "கோச்சுகிட்ட, தேறிரும்னு ஒரு வார்த்த சொல்லுங்கக்கா. பொய் வேணாம். தேறிரும்னு மட்டும். இன்னும் மூணு மாசம் கெடைச்சாப் போதும், பின் தொடையையும் சேத்து ஏத்திருவேன். நீங்களே சொல்லிக் குடுங்க."

மூன்று மாதத்தில் அந்தக் கால் தேறியிருக்குமா? தேறியிருக்கலாம். இன்றும் எனக்குத் தெரியாது. அவள் என்னை ஏமாற்றாதிருந்தால், ஒருவேளை அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருப்பேன். கோச்சிடம் போய், இடது கால் இவ்வளவு, வலது கால் இவ்வளவு, இந்தக் காலோடு கபடி ஆடக் கூடாது என்று சொன்னேன். அத்தனையும் உண்மை. சொல்லும்போது என் குரல் மிகத் தெளிவாக இருந்தது. அந்தத் தெளிவு எனக்கே பிடிக்கவில்லை.

அவளுடைய டிரங்குப் பெட்டி இன்னும் என் அறையில்தான் இருந்தது. எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். அந்தக் காலோடு அவளால் தூக்க முடியவில்லை. நான் ஒரு பக்கம் பிடித்தேன், அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை இருவரும் பெட்டியை நடுவில் வைத்துத் தூக்கிக்கொண்டு நடந்தோம். அவள் சாய்ந்து நடந்ததால் பெட்டி என் காலில் இடித்துக்கொண்டே வந்தது.

சிங்கம்புணரி பஸ் நின்றிருந்தது. பெட்டியை ஏற்றி அவள் காலருகே வைத்துவிட்டு நிமிர்ந்தேன். கண்டக்டர் என்னையும் அவளையும் சேர்த்துப் பார்த்து, "ரெண்டு சிங்கம்புணரியா?" என்றார்.

"ஒண்ணு" என்றாள் அவள். "அவுக காரைக்குடிதான், எறங்கிருவாக."

இறங்கினேன். பஸ் கிளம்பும்வரை நின்றேன். அவள் ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருந்தாள், அடிபட்ட காலை முன் சீட்டுக்கு அடியில் நீட்டி வைத்துக்கொண்டு, கண்டக்டர் தந்த சில்லறையை எண்ணிக்கொண்டிருந்தாள்.